புல்தரையில் நிற பேதம்

விளையாட்டு விஷயத்தில் அரசியலைப் புகுத்தலாகாது என்று உபதேசம் செய்யும் கனவான்கள் எல்லாக் காலத்திலும் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பந்துக்கு நிறம் தெரியாது. வலைக்கு அப்பால் நிற்கிறவன் எந்தக் குலத்தில் பிறந்தவன் என்று அது விசாரிப்பதுமில்லை. ஆனால் பந்து துள்ளும் மைதானத்துக்கு வேலி இருக்கிறது. வேலிக்கு ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலை யாருக்குத் திறப்பது, யாருக்குச் சாத்துவது என்று தீர்மானிக்க ஒரு கமிட்டியும் இருக்கிறது. கமிட்டி கூடும் அறையில் அரசியல் எல்லாருக்கும் முன்னதாகவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது. அதை எழுப்பி வெளியே அனுப்புங்கள் என்று கேட்பவனைப் பார்த்து, 'அரசியலைப் புகுத்தாதே' என்று அதட்டுவது விந்தையிலும் விந்தையல்லவா?

இதற்கு உதாரணமாக ஒரு டென்னிஸ் கிளப்பின் சரித்திரத்தை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது நியூயார்க் நகரத்தின் புறநகரான பாரஸ்ட் ஹில்ஸில் உள்ள வெஸ்ட் ஸைட் டென்னிஸ் கிளப். 1892-ம் வருஷம் 13 பேர் சேர்ந்து அதை ஆரம்பித்தார்கள். நகரின் நடுவே சென்ட்ரல் பார்க்குக்கு மேற்கே வாடகைக்கு எடுத்த நிலத்தில் மூன்று களிமண் ஆடுகளங்கள். அவ்வளவுதான் அதன் ஆஸ்தி. மேற்குப் பக்கத்தில் பிறந்ததால் வந்த பெயர், இடம் மாறிய பிறகும் மாறவில்லை. நகரம் வளர வளர நிலத்தின் விலை ஏறிற்று. 1902-ல் ஓர் இடம், 1908-ல் இன்னும் வடக்கே வேறோர் இடம் என்று கிளப் பெயர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் 1912-ல் குவீன்ஸ் பகுதியிலுள்ள பாரஸ்ட் ஹில்ஸில் சொந்தமாக நிலம் வாங்கி, அடுத்த வருஷம் அங்கே குடியேறிற்று.

அந்தப் புறநகரும் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1909 முதல் ரஸ்ஸல் ஸேஜ் தர்ம ஸ்தாபனம் அங்கே ஒரு தோட்ட நகரை நிர்மாணித்து வந்தது. நடுத்தர வருமானமுள்ள குடும்பங்களும் காற்றோட்டமான வீட்டில் வாழவேண்டும் என்பது ஆரம்ப நோக்கம். 1910-ல் ஆற்றின் அடியே குடைந்த சுரங்கத்தின் வழியாக நகரத்தின் மையத்துக்கே ரயில் ஓடத் தொடங்கியதும் விலைகள் உயர்ந்தன, சீமான்கள் வந்தார்கள், தர்மம் ஆரம்பித்த இடத்தில் செல்வம் குடியேறிற்று. அவர்களுடைய ருசிக்கேற்ப, பழைய இங்கிலாந்துப் பாணியில் மரச் சட்டங்கள் தெரியும் மாளிகை ஒன்றைக் கிளப் கட்டிக்கொண்டது. முன்னால் பச்சைப் புல்தரை. மேலே வெள்ளுடை தரித்த ஆட்டக்காரர்கள்.

ஊரார் பத்துப்பேர் கூடிப் பந்தாட இடம் அமைத்துக்கொள்வதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. ஆனால் இந்தக் கிளப் ஊரார் கிளப்பாக நின்றுவிடவில்லை. 1881 முதல் நியூபோர்ட் என்னும் கடலோர உல்லாச ஊரில் நடந்துவந்த அமெரிக்க தேசியப் பந்தயம் 1915-ல் இங்கே மாற்றப்பட்டது. 1923-ல் குதிரை லாடத்தின் வடிவத்தில், சுமார் 14,000 பேர் உட்காரக்கூடிய சிமெண்டு ஸ்டேடியம் ஒன்று எழுந்தது. நடுவில் மூன்று வருஷம் பிலடெல்பியாவுக்குப் போயிருந்த ஆடவர் பந்தயமும் 1924-ல் திரும்பி வந்தது. பில் டில்டன், ஹெலன் வில்ஸ் முதலியோர் புகழ் பெற்றது இங்கேதான். ஒரே வருஷத்தில் நான்கு பெரிய தேசங்களின் பட்டங்களையும் வென்ற முதல் மனிதரான டான் பட்ஜ், அவற்றில் நான்காவதை 1938-ல் வென்றதும் இங்கேதான். ஒரு தேசத்தின் வீரர் யார் என்பதை நிர்ணயிக்கும் அதிகார ஸ்தலமாக அந்தப் புல்தரை விளங்கிற்று. பொதுஜனங்கள் டிக்கெட்டு வாங்கி வந்தார்கள். அவர்கள் கொடுத்த பணத்தால் கிளப்பும் ஆட்ட சங்கமும் செழித்தன.

அந்தத் தேசத்தின் ஜனங்களில் ஒரு பகுதியார் மட்டும் அந்தத் தரையில் கால் வைக்கக் கூடவில்லை. கறுப்பினத்தார் 1916-ல் தங்களுக்கென்று அமெரிக்க டென்னிஸ் சங்கம் என்ற தனி ஸ்தாபனத்தை அமைத்துக்கொள்ள நேர்ந்ததன் காரணம் இதுவே. 1929-ல் இரண்டு கறுப்பு வாலிபர்கள் இளைஞர்களுக்கான தேசியப் பந்தயத்துக்கு மனுச் செய்து கட்டணமும் செலுத்தினார்கள். அவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் காரணம் கேட்டபோது, கறுப்பரின் மனுக்களை ஏற்பதில்லை என்பதே தங்கள் வழக்கம் என்று வெள்ளையர் சங்கம் பதில் எழுதிற்று. இவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை; திறமையைப் பரீட்சிக்கவே மாட்டோம் என்றுதான் சொன்னார்கள். 1940-ல் டான் பட்ஜ், ஹார்லெமிலுள்ள கறுப்பினத்தாரின் கிளப்புக்குத் தாமே சென்று அவர்களுடைய சாம்பியனான ஜிம்மி மக்டானியலுடன் ஆடினார். வானம் இடிந்து விழவில்லை, பூமி பிளக்கவுமில்லை. ஆயினும் பாரஸ்ட் ஹில்ஸின் வாசல் இன்னும் பத்து வருஷம் சாத்தியே கிடந்தது.

அந்தக் கதவு எவ்வாறு பூட்டப்பட்டிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 'கறுப்பர் வரக்கூடாது' என்று பலகை மாட்டியிருந்தால், அதைக் காட்டிப் போராடலாம். அப்படி ஒரு பலகையும் இல்லை. புல்தரைப் பந்தயங்களில் ஆடித் தகுதியை ருசுப்படுத்தியவர்களே தேசியப் பந்தயத்துக்கு வரலாம் என்று மிகவும் நியாயமான ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. ஆனால் அந்தப் புல்தரைப் பந்தயங்களை நடத்தியவை தனிப்பட்ட கிளப்புகள். அழைப்பு இல்லாதவர் ஆட முடியாது. கறுப்பருக்கு அழைப்பு வராது. கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் ஆகும் என்ற நம் ஊர்ப் பழமொழிக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் வேண்டுமா?

இந்தச் சூழ்ச்சி வளையத்தை உடைத்தவள் தெற்குக் கரோலினாவில் ஓர் ஏழைக் குத்தகை விவசாயியின் மகளாக 1927-ல் பிறந்து, ஹார்லெம் தெருக்களில் வளர்ந்த ஆல்தியா கிப்ஸன் என்ற பெண்மணி. 1950-ல் அவளுடைய மனுவும் இந்த வளையத்தில் சிக்கிக் கிடந்தபோது, நான்கு முறை தேசியப் பட்டம் வென்ற ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளை மாது, டென்னிஸ் பத்திரிகை ஒன்றில் பகிரங்கமாகக் கண்டனம் எழுதினார். கனவான்களின் ஆட்டம் என்று பெருமை பேசுகிறோமே, கனவான்களைப் போல நடக்கிறோமா என்று தம் இனத்தாரையே அவர் கேட்டார். நியூ ஜெர்ஸியில் ஒரு கிளப் மறுத்தது. இன்னொன்று வெட்கப்பட்டு வாசலைத் திறந்தது. அந்த வருஷம் ஆகஸ்டு மாதம், தன் இருபத்து மூன்றாவது பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள், ஆல்தியா பாரஸ்ட் ஹில்ஸில் இறங்கினாள்.

முதல் ஆட்டத்துக்கு அவளுக்குக் கிடைத்தது பெரிய ஸ்டேடியமல்ல. ஒதுக்குப்புறமான 14-ம் ஆடுகளம். அதில் சுலபமாக ஜெயித்தாள். அடுத்து எதிர்த்தது விம்பிள்டன் சாம்பியனான லூயி பிரௌ. ஆளுக்கு ஒரு செட் ஆகி, மூன்றாவது செட்டில் ஆல்தியா 7-6 என்று முந்தியிருந்த வேளையில் பெருமழையும் இடியும் வந்தன. ஸ்டேடியத்தின் உச்சியில் இருந்த கற்கழுகு ஒன்று மின்னல் தாக்கிக் கீழே விழுந்தது. ஆட்டம் நின்றது. மறுநாள் லூயி பிரௌ வரிசையாக மூன்று கேம்களை எடுத்து 9-7 என்று முடித்துவிட்டாள். ஆல்தியா தோற்றாள், ஆனால் கழுகோடு சேர்ந்து வேறொன்றும் விழுந்துவிட்டதென்று அன்று பலர் எண்ணியிருப்பார்கள். 1957-ல் அதே தரையில் அதே லூயி பிரௌவை வென்று ஆல்தியா அமெரிக்கப் பட்டத்தைப் பெற்றாள். தேசத்தின் உபஜனாதிபதியான நிக்ஸன் கையால் கோப்பை வழங்கப்பட்டது. 1958-லும் அவளே ஜெயித்தாள்.

சரித்திரம் இங்கே முடிந்திருந்தால் நாம் இதை எழுத வேண்டிய அவசியமே இராது. முடியவில்லை. மறு வருஷம் 1959 ஜூலையில் நடந்ததுதான் நமது விஷயம்.

ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் உதவிக் காரியதரிசியாக இருந்த டாக்டர் ரால்ப் பஞ்ச் என்பவர் பாரஸ்ட் ஹில்ஸுக்கு அடுத்த குடியிருப்பில் வசித்துவந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். 1949-ல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே போர் நிறுத்தம் பேசி முடித்தவர். அதற்காக 1950-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். கறுப்பினத்தாரில் அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. அவருடைய பதினைந்து வயது மகன் இந்தக் கிளப்பின் டென்னிஸ் ஆசிரியரிடம் பாடம் கற்றுவந்தான். பையன் கிளப்பிலேயே சேர்ந்துகொள்ளலாமே என்று ஆசிரியர் சொன்னார். தகப்பனார் கிளப்பின் தலைவரிடம் விசாரித்தார். யூதர்களையும் கறுப்பர்களையும் நாங்கள் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது.

ஆல்தியா கிப்ஸன் இரண்டாம் முறை அங்கே கோப்பையைத் தூக்கி ஒரு வருஷம்கூட நிறையவில்லை! யூதர்களும் அரபுகளும் ஒருவரையொருவர் சுடாமல் நிறுத்திய மனிதரின் மகனுக்கு, யூதரையும் கறுப்பரையும் ஒரே வாக்கியத்தில் தள்ளும் கிளப்பில் இடமில்லை. அதுவும் எந்த ஊரில்? யூதக் குடும்பங்கள் ஏராளமாகக் குடியிருந்த ஊரில். கறுப்புப் பெண் அங்கே ஆடலாம், ஜெயிக்கலாம், டிக்கெட்டு விற்க உதவலாம். கறுப்புப் பையன் அங்கத்தினனாக முடியாது. வேடிக்கை காட்ட வருகிறவனுக்கு ஒரு நியாயம், சரிசமானமாக உட்கார வருகிறவனுக்கு வேறு நியாயம் என்பதே அந்த வாசலின் உட்பொருள். திறமைக்கு மதிப்புக் கொடுத்துவிட்டோம், ஆகையால் பேதம் ஒழிந்தது என்று சொல்லுகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். கோவிலில் மேளம் வாசிக்கிறவன் கையில் தட்சிணை கொடுப்பதும், அவனோடு ஒரே பந்தியில் உட்காருவதும் ஒன்றாகுமா?

செய்தி வெளியானவுடன் தேசமெங்கும் கண்டனம் எழுந்தது. இத்தகைய கிளப்பில் தேசியப் பந்தயங்களை நடத்தலாமா என்ற கேள்வி பிறந்தது. கிளப்பின் தலைவர் ராஜிநாமாச் செய்தார். நிர்வாக சபை வருத்தம் தெரிவித்து, இன மத நிற பேதமின்றியே அங்கத்தினர் சேர்க்கப்படுவர் என்று அறிவித்து, டாக்டர் பஞ்சுக்கும் மகனுக்கும் இடம் தர முன்வந்தது. அவர் சேரவில்லை.

டாக்டர் பஞ்ச் அப்போது சொன்னவற்றை நாம் பெரிதும் போற்றுகிறோம். இதனால் தமக்கோ தம் மகனுக்கோ அவமானமில்லை, அவமானம் கிளப்புக்கே என்றார். தமது விசேஷப் பதவியைக் கருதி எவரேனும் தமக்குக் கதவைத் திறந்தால் அதனால் பயனில்லை என்றும், மிஸிஸிப்பி மாகாணத்தில் கடையனிலும் கடையனாக இருக்கும் கறுப்பு மனிதன் தன் நிறத்தின் காரணமாகத் தாழ்த்தப்படாத நாள் வரும்வரை, அமெரிக்காவில் எந்தக் கறுப்பனும் விடுதலை பெற்றவனாகான் என்றும் கூறினார். பெரிய மனிதனுக்குத் திறந்த கதவைத் திறந்த கதவாக அவர் கணக்கிடவில்லை. அதுவே இந்தச் சம்பவத்தின் சாரம்.

'கிளப் எங்கள் சொந்த வீடு. யாரை நண்பனாகச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம்' என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் யாரை உட்கார்த்திவைப்பது என்று சட்டம் போட்டுச் சொல்ல முடியாதுதான். ஆனால் திண்ணையில் தேசத்தின் பந்தயத்தை நடத்தி, ஊரார் காசை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, தேசத்தின் கொடியையும் மேலே பறக்கவிட்ட பிறகு, அது வெறும் திண்ணையாக இருக்க முடியாது. பொதுவில் பெருமையும் லாபமும் வேண்டும், பொறுப்பு மட்டும் தனியாருடையது என்பது எந்த ஊர்த் தர்மம்?

காலம் இந்த வாதத்துக்குத் தன் வழியில் பதில் சொல்லிற்று. 1968-ல் அதே புல்தரையில் முதலாவது அமெரிக்க ஓபன் பந்தயத்தை வென்றவர் ஆர்தர் ஆஷ். வர்ஜினியாவில் ரிச்மண்டு நகரில், கறுப்பருக்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டு மைதானத்தின் காவலாளிக்கு மகனாகப் பிறந்தவர். அவர் அமெச்சூர் ஆட்டக்காரராகையால் நாளொன்றுக்கு 20 டாலர் படிதான் கிடைத்தது. அவரிடம் தோற்ற டாம் ஆக்கர் 14,000 டாலர் பெற்றார். 1973-ல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சரிசமமான பரிசு என்ற நியாயம் பெரிய பந்தயங்களில் முதன்முதலாக நிறைவேறியதும் இங்கேதான்.

அதே 1973-ல் நமது சென்னையைச் சேர்ந்த பத்தொன்பது வயது விஜய் அமிர்தராஜ், அந்தப் பட்டத்தை இருமுறை வென்றிருந்த ராட் லேவரை அந்தப் புல்தரையில் தோற்கடித்தார். மறு வருஷம் பியான் போர்க்கைத் தோற்கடித்தார். அந்த 1974-ல்தான் நம் தேசம் டேவிஸ் கோப்பையின் இறுதிக் கட்டத்தை எட்டிற்று. எதிரே நின்றது நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆட்டமில்லாமலே எதிரிக்குப் போயிற்று. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லையே என்று ஆட்டக்காரர்கள் வருந்தியிருந்தால் அது இயற்கை. ஆனால் சில கோப்பைகளைத் தொடாமல் விடுவதுதான் வெற்றி என்று நாம் கருதுகிறோம்.

பாரஸ்ட் ஹில்ஸுக்குத் திரும்புவோம். கூட்டம் பெருகிற்று, இடம் போதவில்லை. 1977-ஓடு அங்கே தேசியப் பந்தயம் முடிந்தது. 1978-ல் அது சில மைல் தூரத்திலுள்ள பிளஷிங் மெடோஸ் என்ற இடத்துக்குப் போயிற்று. அந்த இடம் முன்னொரு காலத்தில் நகரத்தின் சாம்பற் குப்பை கொட்டிய மேடு. பின்னர் நகரசபையின் பொதுப் பூங்கா. சீமான்களின் வேலிக்குள்ளிருந்த பந்தயம் பொதுஜனங்களின் பூங்காவுக்கு வந்தது. பந்தய நாட்கள் போக மற்ற நாட்களில் அங்கே கட்டணம் செலுத்தி எவரும் ஆடலாம். அருகே வசித்த கறுப்பின இசை மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரை அங்கே ஒரு ஸ்டேடியம் தாங்கிற்று. 1997-ல் திறந்த பெரிய ஸ்டேடியத்துக்கு ஆர்தர் ஆஷ் பெயர். 2019-ல் ஆல்தியா கிப்ஸனுக்குச் சிலை. பழைய கிளப்பின் சிமெண்டு ஸ்டேடியமோ பாழடைந்தது. 2010-ல் அதை விற்றுவிடலாமா என்ற யோசனை அங்கத்தினர் வாக்கில் தோற்றது. 2013 முதல் அங்கே பாட்டுக் கச்சேரிகள் நடந்தன.

அமெரிக்கக் கிளப்பைக் குறைகூறிவிட்டு நாம் திருப்தியடைந்து உட்கார்ந்துவிடலாகாது. வெள்ளையர் ஆண்ட காலத்தில் சென்னையிலும் கல்கத்தாவிலும் ஐரோப்பியக் கிளப்புகளின் வாசலில் நம்மவர் நின்ற நிலையை நாம் மறக்கவில்லை. ஆண்டவர்கள் போனார்கள், அவர்கள் வைத்துப்போன வாசற்காவல் போகவில்லை. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேஷ்டி கட்டிச் சென்ற ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் உள்ளே விடப்படவில்லை. தமிழ்நாடு கொதித்தது. அவ்வருஷமே, பொது இடங்களில் வேஷ்டி கட்டியவரைத் தடுக்கலாகாது என்று சட்டசபை சட்டம் இயற்றிற்று. நல்ல காரியம். ஆனால் டாக்டர் பஞ்சின் அளவுகோலை எடுத்து நம்மையே ஒரு தரம் அளந்து பார்ப்போம். தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இராமல் ஒரு குமாஸ்தாவாகவோ, கூலிக்காரராகவோ இருந்திருந்தால் அந்தச் செய்தி பத்திரிகையில் ஒரு வரியாவது பெற்றிருக்குமா? வேஷ்டிக்குச் சட்டம் வந்தது. ஜாதியைக் கேட்காமல் கேட்டு, சொல்லாமல் சொல்லி, சந்தாத் தொகையிலும் சிபார்சுக் கடிதத்திலும் ஒளித்துவைத்துச் சாத்தும் கதவுகளுக்கு எந்தச் சட்டம் வந்தது?

எழுதிய விதியை ரப்பரால் அழிக்கலாம். எழுதாத விதியை அழிப்பது மனிதருடைய மனச்சாட்சியும் பொதுஜன அபிப்பிராயமும்தான். தேச சேவையில் ஈடுபட்ட நம் வாசகர்கள், தம் ஊரில் சர்க்கார் நிலத்தையோ பொதுப் பணத்தையோ பொதுப் பெருமையையோ அநுபவிக்கும் ஒவ்வொரு சங்கத்தின் வாசலுக்கும் சென்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: 'இந்த ஊரின் கடைசி மனிதனுடைய மகன் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?' அந்தப் பதிலைக் கொண்டே அந்தச் சங்கத்தின் யோக்கியதையை நிர்ணயிக்க வேண்டும். அது சுவரில் மாட்டியிருக்கும் கோப்பைகளைக் கொண்டு அல்ல.